சுவரில் தொங்கும் தன்வரலாறு: பொங்கலூர் வட்டாரத்து மாதக் காலண்டர்க் குறிப்புகள் பற்றி ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

தமிழர்கள் தங்கள் வாழ்க்கையை எழுதிவைப்பதில்லை என்ற குறை கல்விப்புலத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. சொன்னவர்கள் எவரும் பொங்கலூரில் ஒரு வீட்டு ஆசாரத்துக்குள், அதாவது முன்கூடத்துக்குள், நுழைந்து, மின்சார மீட்டருக்குப் பக்கத்துச் சுவரை நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. பார்த்திருந்தால் அங்கே ஆணியில் தொங்கும் மாதக் காலண்டரில் 14ஆம் தேதிக் கட்டத்துக்குள் “கேஸ்” என்றும், 17இல் “செவலை ஊசி” என்றும், 23இல் “சின்னவன் 2000” என்றும், 26இல் எழுத்தே இல்லாமல் ஒரு சின்ன வட்டம் மட்டும் போட்டிருப்பதையும் கண்டிருப்பார்கள். ஒரு குடும்பத்தின் அடுப்பும் மாடும் பணமும் உடம்பும் ஒரே தாளில் இருக்கின்றன. இது தன்வரலாறு இல்லையென்றால் வேறு எதுதான் தன்வரலாறு?

இந்தக் கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொள்வது ஆய்வு மரபு. ஒன்று, காலண்டரில் எழுதுவது யார்? இரண்டு, யார் படிப்பதற்காக? மூன்று, காலண்டருக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்ட பேனா ஏன் ஒருபோதும் முதல் முறையில் எழுதுவதில்லை? மூன்றாவது கேள்விக்கு இக்கட்டுரை விடை காணவில்லை. ஆனால் மை வருகிறதா என்று பார்ப்பதற்காகத் தாளின் ஓரத்தில் கிறுக்கிய சுழிகளை எழுத்து என்று கருதி யாரும் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக அதையும் இங்கே பதிந்து வைக்கிறோம்.

2. முன்னோடிகள்

தமிழில் நாள்தோறும் எழுதிவைத்தவர்களின் தலைமகன் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிக இடையாளருமாக, உயர்ந்தவர். 1736 செப்டம்பர் 6ஆம் நாள் எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் கண்மூடும் வரை ஏறத்தாழ 25 ஆண்டு எழுதினார். அவர் இறந்த சில நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. குறிப்பு எழுத ஆள் இல்லாததால்தான் ஊரே விழுந்தது என்று வாதிட இடமுண்டு. இவ்வாய்வு அந்த அளவுக்குத் துணியவில்லை.

பிள்ளையவர்களைத் திருப்பூர் வட்டாரம் தன் ஆள் என்று உரிமை கொண்டாடலாம். துபாசி ஆவதற்கு முன் பரங்கிப்பேட்டையில் கம்பெனியின் துணி வேலையைப் பார்த்தவர் அவர். துணியை நெய்ய வைக்க வேண்டும், சாயமேற்ற வேண்டும், கப்பலுக்கு அனுப்ப வேண்டும். இன்றைய திருப்பூர்ப் பேச்சில் சொன்னால் எக்ஸ்போர்ட் கம்பெனி மெர்ச்சண்டைசர். அந்தப் பழக்கம் அவர் குறிப்பிலும் தெரிகிறது. எந்தக் கப்பல் வந்தது, சரக்கு என்ன விலைக்குப் போயிற்று, கவர்னர் டூப்ளே என்ன சொன்னார், சோதிடர் என்ன சொன்னார், வந்த பெரிய மனிதருக்கு எத்தனை பீரங்கி முழங்கிற்று என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்தார். தம்மைப் பிறர் புகழ்ந்ததை மறக்காமல் எழுதினார். டூப்ளேயின் மனைவி மேல் தமக்கிருந்த கசப்பையும் எழுதினார். அந்தக் கசப்பு அதில் இருந்ததாலோ என்னவோ, அதை ஆசாரத்தில் மாட்டவில்லை. ஏடு வெளியே தெரியவந்தது 1846இல். ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வந்து முடிய 1904 தொடங்கி 1928 வரை ஆயிற்று. பொங்கலூர்க் காலண்டரின் ஒரு மாதத்தைப் படித்து முடிக்கக் காப்பி ஆறும் நேரம் போதும் என்பதை ஒப்பீட்டுக்காகக் குறித்துக்கொள்க.

வெளிநாட்டில் இருவரை மட்டும் எடுத்துக்கொள்வோம். இலண்டன் கடற்படை அதிகாரி சாமுவேல் பெப்பிசு 1660 முதல் 1669 வரை எழுதினார். பிறர் படித்துவிடாதபடி சுருக்கெழுத்தில் எழுதினார். கண் கெட்டுவிடும் என்று பயந்து நிறுத்தினார். அமெரிக்காவின் ராபர்ட் ஷீல்ட்ஸ் 1972 முதல் 1997 வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தாம் செய்ததையெல்லாம் தட்டச்சு செய்தார். கனவும் தப்பிவிடக் கூடாது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்தார். மொத்தம் 3 கோடியே 75 லட்சம் சொற்கள் என்கிறார்கள். அவற்றைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தபோது 50 ஆண்டுக்கு யாரும் படிக்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தார். நிபந்தனையை மீறிப் படிக்க யாரும் முண்டியடித்ததாகச் செய்தி இல்லை.

பக்கத்து ஊர்ச் சான்று ஒன்றும் உண்டு. காங்கயத்தை அடுத்த பரஞ்சேர்வழியில் பிறந்தவர் கோவை அய்யாமுத்து. திருப்பூரில் கதர் இயக்கத்தை நடத்தியவர். ‘எனது நினைவுகள்’ என்று தம் வாழ்க்கையை எழுதினார். ஆக இந்த மண்ணுக்குத் தன்வரலாறு புதிதல்ல. ஆனாலும் அய்யாமுத்து உட்பட மேற்சொன்ன நால்வரும் செய்யாத ஒன்றைப் பொங்கலூர் நாள்தோறும் செய்கிறது. எழுதியதை எழுதிய அன்றே வாசலுக்கு நேர் எதிரே மாட்டிவைக்கிறது.

3. ஆய்வுக் களம்

பொங்கலூர், கோவையிலிருந்து திருச்சி போகும் தேசிய நெடுஞ்சாலையில் பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவில் இருக்கிறது. முன்பு கோவை மாவட்டம். 2009 முதல் திருப்பூர் மாவட்டம். ஊர்ப் பேரில் ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008இல் தொகுதிகளை மாற்றி வரைந்தபோது அது போயிற்று. தொகுதி போனதற்கு ஆசாரத்துக் காலண்டரில் எந்தக் குறிப்பும் காணப்படவில்லை. அன்றைக்குப் பால் எத்தனை லிட்டர் என்பது மட்டும் இருக்கும் என்று உறுதியாக ஊகிக்கலாம்.

இந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இங்கே ஒரே குடும்பம் ஒரே நேரத்தில் பல காலங்களில் வாழ்கிறது. மகள் திருப்பூர் பனியன் கம்பெனி வேனுக்குக் காலையில் ஓடுகிறாள். அவளுடைய காலம் ஷிப்டு. அண்ணன் தறி ஓட்டுகிறான். அவன் காலம் பாவு ஏற்றியதிலிருந்து இறக்கும் வரை. அப்பா கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார்; குஞ்சு இறக்கிய நாளிலிருந்து கோழி பிடிக்கும் நாள் வரை ஏறத்தாழ ஆறு வாரம் அவர் காலம். அம்மாவுக்கு மாடு, சினை ஊசி போட்டதிலிருந்து கன்று விழும் வரை ஏறத்தாழ 280 நாள். காட்டுக்குப் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் தண்ணீர் நாலு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து வருகிறது. அது வரும் வரை ஒரு காலம், வந்த பின் ஒரு காலம். பட்டறை போட்டு வைத்த சின்ன வெங்காயம் விலை ஏறும் வரை காத்திருக்கிறது. அது எந்தக் காலத்தில் சேரும் என்று யாருக்கும் தெரியாது. இத்தனை காலத்தையும் ஒரே தாளில், முப்பதோ முப்பத்தொன்றோ கட்டத்துக்குள் அடக்குவது சாதாரண வேலையல்ல. பெரிய நாவலாசிரியர்களே திணறும் இடம்.

தகவல் தந்தவர்களின் பெயர் இங்கே தரப்படவில்லை. தந்தாலும் அவர்கள் காலண்டரில் தங்கள் பெயரை எழுதியதில்லை என்பதால் சரிபார்க்க வழியில்லை. விழுக்காட்டுக் கணக்கும் இல்லை. விரல்விட்டு எண்ணினோம், விரல் தீர்ந்ததும் நிறுத்திக்கொண்டோம்.

4. ஏடு

ஏடு இரு வகைப்படும்: கிழிப்பது, புரட்டுவது.

கிழிப்பது தினசரிக் காலண்டர். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பம் வெளியாகும்போதே இதன் பிறப்பு தொடங்கிவிடுகிறது. இதில் எழுத இடம் கிடையாது. அச்சே இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்கிறது. ராகுகாலம், எமகண்டம், குளிகை, சூலம், பரிகாரம், சந்திராஷ்டமம் போக, பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல்லில் அன்றைய பலன் இருக்கும். ஆராய்ந்து பார்த்தால் இது முன்கூட்டியே எழுதி முடித்த நாட்குறிப்பு. கும்ப ராசிக்கு “லாபம்” என்று போட்டிருக்கும் நாளில் கிணற்று மோட்டார் காயில் எரிந்து போனால், நாட்குறிப்புக்கும் நாளுக்கும் இடையே பிணக்கு உண்டாகிறது. இந்தப் பிணக்கைத் தீர்க்க வட்டாரத்தில் கையாளும் முறை எளியது. தாளைக் கிழித்துவிடுகிறார்கள்.

கிழிக்கும் உரிமை யாருக்கு என்பது தனி ஆய்வுக்குரியது. பெரும்பாலும் அது வீட்டுப் பெரியவருக்கு. பேரன் நடக்கப் பழகியதும் அவனைத் தூக்கிப் பிடித்து உரிமையைக் கைமாற்றுகிறார். பேரன் ஆர்வத்தில் நாளையையும் சேர்த்துக் கிழித்துவிட்டால் அதைத் திரும்ப ஒட்டுவதில்லை. அந்த வீட்டில் ஒரு நாள் முழுக்கத் தேதி முன்னே ஓடுகிறது. குடும்பமே ஒரு துக்கத்துக்குப் போய் நாலைந்து நாள் கழித்து வந்தால் தாள்கள் அப்படியே இருக்கும். அவற்றை ஒன்றாகப் பிடித்து ஒரே இழுப்பில் கிழிக்கிறார்கள். அந்த நாட்களுக்கு அந்த இழுப்பு ஒன்றுதான் பதிவு.

புரட்டுவது மாதக் காலண்டர். இதுவே நம் ஆய்வுப் பொருள். ஒரு வீட்டுக்கு ஆண்டுதோறும் உரக்கடை, தீவனக் கடை, நகைக்கடை, நூல் மில், ஃபைனான்ஸ், ஜவுளிக்கடை என்று பல காலண்டர்கள் வந்து சேர்கின்றன. நகைக்கடைக் காலண்டரில் மகாலட்சுமி அழகாக இருப்பாள். அது சாமி அறைக்குப் போகிறது, அதில் எவரும் பேனா வைப்பதில்லை. ஃபைனான்ஸ்காரர் கொடுத்தது கதவுக்குப் பின்னால் போகிறது, காரணம் வெளிப்படை. எழுதுவதற்குத் தேர்ந்தெடுப்பது எது என்று பார்த்தால், கட்டம் அகலமாக இருப்பது. கொடுத்தவர் தகுதியும் படத்தின் அழகும் இங்கே செல்லாது. தீவனக் கடைக்காரரின் கட்டம் ஒரு விரற்கடை அகலமானால் அந்த ஆண்டு முழுக்க அக்குடும்பத்தின் வரலாறு அவர் கடைப் பெயருக்குக் கீழேதான் நடக்கும். விளம்பரத்துறையினர் இதைக் கருத்தில் கொள்ளலாம்.

5. நடையியல்

காலண்டர்க் குறிப்புகளை இலக்கணப்படி ஆராய்ந்ததில் நான்கு விதிகள் கிடைத்தன.

முதல் விதி: தன்மைப் பெயர் வராது. “நான்” என்ற சொல்லை ஒரு கட்டத்திலும் காணவில்லை. தன்னைப் பற்றியே எழுதுகிறவர் தன்னை எழுதாமலேயே ஆண்டை ஓட்டிவிடுகிறார். அடக்கம் குறித்து நீண்ட அதிகாரங்கள் எழுதியவர்களும் இந்த உயரத்தை எட்டியதில்லை.

இரண்டாம் விதி: வினைச்சொல் வராது. “கேஸ்” என்றால் தீர்ந்ததா, பதிந்ததா, வந்ததா, மாட்டியதா? எழுதியவரிடம் கேட்டதற்கு, “மாத்துன தேதிங்க. வேற எதைப் போயி எழுதுவாங்க?” என்றார். பக்கத்து வீட்டில் கேட்டபோது, “புக் பண்ணுன தேதிங்க. மாத்துனதை எதுக்குங்க எழுதோணும்?” என்றார்கள். ஆக இவ்வட்டாரத்தில் மாற்றல் மரபு, பதிதல் மரபு என இரண்டு மரபுகள் உள்ளன. இரண்டு மரபுக்கும் இடையே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு இருந்தும், சிலிண்டர் எப்போது தீரும் என்பதில் மட்டும் இன்றுவரை உடன்பாடு ஏற்படவில்லை.

மூன்றாம் விதி: எண்ணுக்கு அலகு கிடையாது. “5” என்பது ஐந்து லிட்டர் பாலாக இருக்கலாம், ஐந்தாயிரமாக இருக்கலாம், ஐந்தாம் நம்பர் தறியாகவும் இருக்கலாம். பனியன் கம்பெனிக்குப் போகும் பிள்ளை எழுதும் “1½” மட்டும் ஐயமற்றது. அது ஒன்றரை ஷிப்டு, அதாவது 12 மணி நேரம். சனிக்கிழமைச் சம்பளத்துக்கு முன் இந்த எண்களைக் கூட்டிப் பார்ப்பதே அவளுக்கு வாரத் திறனாய்வு. எதுவும் எழுதாத கட்டமும் ஒரு தரவுதான். 1984இல் திருப்பூரில் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அந்த ஆண்டில் ஷிப்டு குறித்துவைத்த எந்த நோட்டிலும் அந்தப் போராட்டம் வெற்றுக் கட்டங்களாகத்தான் பதிவாகியிருக்க முடியும். பல வரலாற்று நூல்களைவிடச் சுருக்கமான விவரிப்பு.

நான்காம் விதி: உணர்ச்சிக்கு இடமில்லை. ஒரு கட்டத்தில் “அப்பா” என்று மட்டும் இருந்தது. அப்பா ஊரிலிருந்து வரும் நாளா, அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்த நாளா, அப்பா திதியா என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. மை ஒன்றுதான், எழுத்தளவும் ஒன்றுதான். பக்கத்துக் கட்டத்தில் “கரண்ட் பில்” இருந்தது, அதே எழுத்தில்.

இதற்குப் புறம்பாக ஓவியக் குறிகளும் உண்டு. டிக் என்றால் பணம் கொடுத்தாயிற்று. பெருக்கல் குறி என்றால் பால்காரர் வரவில்லை. அடியில் இரண்டு கோடு என்றால் கலியாணம். மூன்று கோடு என்றால் நெருங்கிய பங்காளி வீட்டுக் கலியாணம், முந்தின நாளே போக வேண்டும். சின்ன வட்டம் ஏறத்தாழ மாதத்துக்கு ஒன்று வரும். அதை எல்லாரும் பார்க்கிறார்கள். இதுவரை எவரும் பொருள் கேட்டதில்லை, இவ்வாய்வும் கேட்கவில்லை. அந்த வட்டம் சில மாதம் வராமல் இருந்தால் அதை மாமியார்தான் முதலில் கவனிக்கிறார் என்பதை மட்டும் குறிப்பிடுவது போதும்.

6. பிரதி பெயர்ப்பும் பாடபேதமும்

மாதக் காலண்டருக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. டிசம்பரோடு அது முடிந்துவிடுகிறது. செப்டம்பரில் சினை ஊசி போட்ட செவலை மாடு கன்று போடுவது அடுத்த ஜூன் கடைசியில். அந்த ஜூன் இன்னும் அச்சாகி வரவில்லை. எனவே டிசம்பர்த் தாளின் ஓரத்தில், கடைப் பெயருக்கும் தொலைபேசி எண்ணுக்கும் இடையே, “ஜூன் கடைசி செவலை” என்று எழுதி வைக்கிறார்கள். ஜனவரி முதல் தேதி புதுக் காலண்டரை மாட்டியதும் பழையதைப் பார்த்துப் புதியதில் பெயர்த்தெழுதுவது ஒரு சடங்கு.

சுவடிகளைப் பெயர்த்தெழுதியபோது என்ன நேர்ந்ததோ அதுவே இங்கும் நேர்கிறது. ஓரத்தில் இடம் இல்லாததால் “செவ” என்று சுருக்கியதைப் பெயர்த்தெழுதிய பேத்தி “செவ்வாய்” என்று விரித்துவிட்டாள். ஜூன் கடைசிச் செவ்வாய்க்கு என்ன விசேஷம் என்று வீடே ஆறு மாதம் யோசித்தது. கோயிலா, தவணையா, எந்தக் காதுகுத்து என்று பல உரைகள் எழுந்தன. விடையை மாடு சொல்லிற்று. சுவடிப் பதிப்பில் ஐயம் வந்தால் உ.வே.சாமிநாதையருக்கு வேறு பிரதி தேடி ஊர் ஊராக அலைய வேண்டியிருந்தது. பொங்கலூர்ப் பதிப்பாசிரியர் தொழுவத்துக்குப் போனால் போதும். இந்த வசதி சங்க இலக்கியத்துக்கு வாய்க்கவில்லை.

பெயர்த்தெழுதும்போது எது விடுபடுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. வாங்க வேண்டிய கடன் தவறாமல் பெயர்கிறது. கொடுக்க வேண்டியது சில ஆண்டுகளில் விடுபட்டுவிடுகிறது. இதைக் கெட்ட எண்ணம் என்று கொள்ள வேண்டியதில்லை. பிரதி சிதைவு என்றே கொள்க.

7. வாசகர்

இப்போது ஆய்வின் மையத்துக்கு வருகிறோம். காலண்டர் தொங்கும் இடம் ஆசாரம். வீட்டுக்குள் நுழையும் எவர் கண்ணுக்கும் முதலில் படும் சுவர். மின்சாரக் கணக்கெடுக்க வருகிறவர், தவணை வசூலிக்க வருகிறவர், பெண் பார்க்க வருகிறவர்கள், வாக்குக் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் அதற்கு எதிரே நின்றோ உட்கார்ந்தோதான் பேசுகிறார்கள். பேச்சு சலித்ததும் பார்வை போவதும் அங்கேதான். அப்படியிருக்க, வீட்டின் பணமும் உடம்பும் உறவும் எழுதிய தாளை யாராவது அங்கே மாட்டுவார்களா?

மாட்டுகிறார்கள். பெப்பிசு சுருக்கெழுத்தால் மறைத்தார். ஷீல்ட்ஸ் 50 ஆண்டுப் பூட்டுப் போட்டார். பொங்கலூர்க்காரர் எதையும் மறைக்கவில்லை, குறைத்தார். “சின்னவன் 2000” என்பதை ஊரே படிக்கலாம். அந்த 2000 கொடுத்ததா வாங்கியதா, கொடுத்தது என்றால் பெரியவனுக்குத் தெரியுமா, தெரியாது என்றால் ஏன் எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதியிருக்கிறது, எழுதியது அம்மா என்றால் அது கணக்கா, பெரியவனுக்குச் சொல்லாமல் சொல்லும் செய்தியா? இவ்வளவும் அந்தக் கட்டத்தில் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் வீட்டில் மூன்றே பேர். தவணைக்காரர் கண்ணுக்கு அது வெறும் சின்னவனும் வெறும் இரண்டாயிரமும்தான்.

எனவே இக்கட்டுரையின் தேற்றம் இது: ஒருவர் தன் வாழ்க்கையை எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் ஊரறிய எழுதலாம்; உடன் வாழ்ந்தவர் மட்டுமே படிக்க முடிகிற அளவுக்குச் சுருக்கி எழுதினால் போதும். எல்லாருக்கும் விளங்க எழுதுகிறவர் ஒன்று மறைக்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் அலங்கரிக்க வேண்டியிருக்கும். ரங்கப் பிள்ளை இரண்டையும் செய்தார். “கேஸ்” என்று எழுதுகிறவருக்கு இரண்டுக்கும் தேவையில்லை.

இத்தேற்றத்துக்கு ஒரு துணைத்தேற்றமும் உண்டு. புதிதாக வந்த மருமகள் முதல் சில மாதம் காலண்டரைப் பார்ப்பாள், தொடமாட்டாள். “5” என்றால் என்ன, பெருக்கல் குறி எதற்கு, மாமனார் தண்ணீர் முறையை எந்த மையில் எழுதுகிறார் என்று கற்றுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் சிலிண்டர் தீரும்போது மாமியார் கைவேலையாக இருப்பார். “அந்தக் காலண்டர்ல போட்டு வை கண்ணு” என்பார். அன்றைக்குத் தாளில் இரண்டாவது கையெழுத்து தோன்றுகிறது. சீர், தாலி, மறுவீடு எல்லாம் சட்டப்படி அவளைக் குடும்பத்தில் சேர்த்திருக்கலாம்; ஏட்டுப்படி அவள் சேர்ந்த நாள் இது. அது எந்த நாள் என்று அந்தத் தாளே காட்டிவிடும், கையெழுத்துகளை ஒப்பிடத் தெரிந்தால்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். ரங்கப் பிள்ளையைப் படிக்கப் பிள்ளையவர்களின் உறவினராக இருக்கத் தேவையில்லை. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது புதுச்சேரியில் யார் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது இன்றைக்கும் படித்தால் விளங்குகிறது. காலண்டரைப் படிக்கத் தெரிந்த மூவரும் போய்விட்டால் அது வெறும் எண்ணும் சுழியும்தான். நீண்ட நாள் வாழ வேண்டும் என்றால் நீட்டி எழுத வேண்டும். பொங்கலூர் அந்த விலையைக் கொடுக்க ஒப்பவில்லை.

8. மறுப்புகளும் விடைகளும்

மறுப்பு ஒன்று: தன்வரலாறு என்று பார்த்தால் மொய் நோட்டே சிறந்தது, இருபது முப்பது ஆண்டு பத்திரமாக இருக்கிறது, முழுப்பெயரும் ஊரும் தொகையும் உண்டு. விடை: மொய் நோட்டு வரலாறு என்பது உண்மை, ஆனால் பிறருடைய வரலாறு. தன்னைப் பற்றி அதில் தெரிவது, தான் திரும்பச் செய்ய வேண்டியது எவ்வளவு என்பது மட்டுமே. மேலும் அது பீரோவுக்குள் இருக்கிறது. பகிர்வு என்ற கூறு அதில் இல்லை. பகிர்ந்தால் பங்காளிச் சண்டை வரும்.

மறுப்பு இரண்டு: டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் பல்லாண்டு தன் கதையைச் சொல்கிறாரே, அதுதானே நீண்ட பகிர்வு? விடை: பெஞ்சில் சொல்வது நாளுக்கு நாள் மாறும். கறிக்கோழிக்குப் பல்லடத்தில் தினம் விலை நிர்ணயிப்பதைப் போல, போன வருச நஷ்டத்துக்கும் பெஞ்சில் தினம் ஒரு தொகை நிர்ணயிக்கிறார்கள். காலண்டரில் எழுதிய எண் மாறாது. ஆகவே பெஞ்சில் பேசுகிறவர் தம் வீட்டுக் காலண்டரை ஒருபோதும் கடைக்கு எடுத்து வருவதில்லை.

மறுப்பு மூன்று: செல்போனில் எல்லாம் குறித்து வைக்கலாமே? விடை: வைக்கிறார்கள். வைத்த மகன் வெளியூரில் இருக்கும்போது மாடு கத்துகிறது. செல்போன் அவன் சட்டைப்பையில் இருக்கிறது. சுவர் எங்கும் போவதில்லை. மேலும் செல்போனுக்குப் பூட்டு உண்டு. பூட்டு வந்ததும் அதற்குள் ஏதோ இருக்கிறது என்று வீட்டார் தேடத் தொடங்குகிறார்கள்.

9. ஆவணக் காப்பு

ஆண்டு முடிந்ததும் இந்த ஏடுகள் என்னாகின்றன என்று ஆராய்ந்ததில் பெருமைப்படத்தக்க முடிவு கிடைத்தது. மாதக் காலண்டர்த் தாள் கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருப்பதால், வெற்றுப் பின்பக்கம் வெளியே தெரிய, அதைப் பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போட்டார்கள். ஒரு குடும்பத்தின் ஏப்ரல் மாதம் முழுவதும், கேஸ், ஊசி, சின்னவன் சகிதம், சமூக அறிவியல் பாடநூலுக்கு உள்முகமாக மடிந்து பள்ளிக்கூடம் போயிற்று. பிள்ளைகள் முகலாயர் காலத்தைப் படித்தபோது அவர்கள் கையில் இரண்டு வரலாறு இருந்தது. தேர்வில் ஒன்றைத்தான் கேட்டார்கள். அட்டை போடத் தனித் தாள் கடையில் விற்கத் தொடங்கியபின் இக்காப்பகம் நலிந்துவிட்டது. மிஞ்சிய தாள்கள் அலமாரித் தட்டில் விரிப்பாகவும் டிரங்குப் பெட்டியின் அடியிலும் கிடைக்கின்றன. பொங்கல் வெள்ளையடிப்பின்போது அவை வெளியே வருகின்றன. அப்போது வேலை ஒரு மணி நேரமாவது நின்றுபோவதைக் களத்தில் கண்டோம். துடைப்பத்தைப் பிடித்தபடியே, “இந்த 500 யாருக்குங்க குடுத்தது?” என்று தொடங்குகிறார்கள்.

10. முடிவுகளும் பரிந்துரைகளும்

ஒன்று, பொங்கலூரில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு ஒரு தன்வரலாற்று நூல் எழுதி வெளியிடுகிறது. பன்னிரண்டு பக்கம், பெரிய அளவு, வண்ணப்படத்துடன். நூலாசிரியர் பெயர் இராது. தீவனக் கடைக்காரர் பெயர் இருக்கும்.

இரண்டு, கட்டத்தின் அகலத்தை அச்சகத்தார் குறைக்கக் கூடாது. படத்தை வேண்டுமானால் சுருக்கிக்கொள்ளலாம், மகாலட்சுமி பொறுத்துக்கொள்வாள்.

மூன்று, மேலாய்வு செய்ய விரும்புவோர்க்குப் பின்வரும் களங்கள் காத்திருக்கின்றன: கேஸ் மரபுகளின் வட்டார எல்லை, நூலில் கட்டிய பேனாவின் மூடி எங்கே போகிறது, பெருக்கல் குறிகளைப் பற்றிப் பால்காரர் தரப்பு.

நான்கு, விருந்தினராகப் போகிறவர்க்கு ஓர் அறிவுரை. காலண்டரைப் படிப்பதில் தவறில்லை, அதற்காகவே மாட்டியிருக்கிறார்கள். ஆனால் பொருள் கேட்கும் முன் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்ள வேண்டும். “அதென்னங்க 23இல் சின்னவன்?” என்று கேட்டுவிட்டால், “அதையேங் கேக்கறீங்க” என்று தொடங்குவார்கள். ஷீல்ட்ஸ் எழுதிய 3 கோடியே 75 லட்சம் சொல்லும் அந்த ஒரு கட்டத்துக்குள் மடங்கிக் கிடந்தது அப்போதுதான் தெரியவரும். சாப்பாடு கட்டாயம் உண்டு.